அன்று மழை பெய்யவில்லை

அன்புள்ள மகனுக்கு,

மிரியம் அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. உங்கள் கல்யாணத்துக்கு முன் எல்லோரும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்கள் என்று மேலே எழுதி, கீழே வருகிறவரின் பெயர், இறைச்சி சாப்பிடுவாரா மாட்டாரா, எத்தனை இரவு என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறாள். அவளுடைய தாய் தகப்பன், தமையன், தமையனின் பிள்ளைகள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கும் அம்மாவுக்கும் விட்ட கடைசி இரண்டு வரி மட்டும் வெறுமையாக இருக்கிறது. நீ நேற்றுத் தொலைபேசியில் கேட்டபோது இடுப்பு வலி என்று சொன்னேன். என் இடுப்புக்கு ஒரு குறையும் இல்லை, அது உனக்கும் தெரியும். "என்னப்பா, திரும்பவும் மழை வந்திடும் எண்டு பயப்பிடுறியளோ?" என்று நீ கேட்டாய். பின்னால் மிரியம் சிரித்தது எனக்குக் கேட்டது. அப்பா இரண்டு துளி மழைக்குப் பயந்து கூடாரத்தை விட்டு ஓடி வந்த கதையை அவளுக்கும் சொல்லிவிட்டாய் போலிருக்கிறது. அந்தக் கதை பொய். அதை உனக்குச் சொன்னவன் நான். இத்தனை வருடமாக நீ வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த அழைப்பு வந்த நாள் முதல் எனக்குச் சந்தேகம். ஏன் திடீரென்று ஏரி? ஏன் அதே பீல் ஏரி? உன் அம்மாவும் நீயும் சேர்ந்து ஏதோ செய்கிறீர்களோ என்று இரண்டு நாள் அவளை ஓரக்கண்ணால் பார்த்தேன். மிரியத்தின் தகப்பன் போன கிழமை என்னிடம், காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டார். இந்த மனிதருக்கு அது எதற்கு என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில், ஏரிக்கரையில் எனக்குப் பேக்கரியில் சூடாகப் பாண் வாங்கி வருவதற்காம். அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நான் அப்படிப்பட்டவன். எங்கள் தபால்பெட்டியில் பெயரை எறும்பு அளவில் எழுதி ஒட்டியிருந்தேனே, தபால்காரர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக் குனிந்து வாசிப்பாரே, அது கஞ்சத்தனம் என்று நீ நினைத்தாய். கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதினால் நழுவிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்கு முகாமுக்குப் போக மூன்று வருடம் தாள் கொண்டு வந்தாய். இரண்டு வருடம் உனக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் வருடம் நீயே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாய். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் உன் பெயரை வெட்டச் சொன்னேன். அன்று நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

காரணம் சொல்லத்தான் வேண்டும். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம் கலவரம் நடந்தபோது நாங்கள் கொழும்பில் இருந்தோம் என்பது உனக்குத் தெரியும். தப்பி வந்தோம் என்பதும் தெரியும். எப்படித் தப்பினோம் என்று நான் சொன்னதில்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உனக்கு எட்டு மாதம். அன்று பகல் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவனின் கையில் பொல்லும் இல்லை, கத்தியும் இல்லை. காகிதக்கட்டு ஒன்றுதான் இருந்தது. தமிழர் வீடுகளின் இலக்கமும் ஆட்களின் பெயரும் உள்ள பட்டியல். எங்கள் வீட்டு வாசல் படலைக்கு முன்னால் நின்று விரலை மேலிருந்து கீழாக ஓட்டினான். உன் அம்மா உன் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலின் பின்னால் இருந்தாள். நான் யன்னல் இடுக்கால் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்தபடியால் எங்கள் பெயர் அதில் ஏறவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அவர்கள் பெயர் இருந்தது. அந்த வீட்டைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அன்றைக்கு என் மூளையில் ஒன்று பதிந்தது: பெயர் எழுதப்படாதவன் உயிரோடு இருப்பான்.

சுவிஸுக்கு வந்து ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் இரண்டு அறை வீடு கிடைத்தது. எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியை இரண்டு தடவை திறந்து பார்ப்பேன். திருப்பி அனுப்பினால் எங்கே போவது? அந்த நேரத்தில்தான் வெர்னர் வந்து சேர்ந்தார். சமையலறையின் களஞ்சியம் அவர் பொறுப்பு. ஆறடி உருவம், உருளைக்கிழங்கு மூட்டையைத் தலையணை தூக்குவது போலத் தூக்குவார், எந்த நேரமும் சீட்டியடிப்பார். அவருக்கும் மனைவி ரூத்துக்கும் பிள்ளை இல்லை. ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் உன்னைக் கண்டார். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது உனக்கென்று ஒரு ஆப்பிள், ஒரு சொக்கலேட் என் கையில் வரும். நான் அவற்றை முகர்ந்து பார்த்து, வெட்டிப் பார்த்து, முதலில் ஒரு துண்டை நான் சாப்பிட்டுவிட்டுத்தான் உனக்குத் தருவேன். நீ அவரை வேர்னி என்று கூப்பிடுவாய்.

உனக்கு நாலு வயது நடந்த கோடையில், வெர்னர் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துப் படம் வரைந்து காட்டினார். ஏரி, முக்கோணமாக ஒரு கூடாரம், பெரிய ஆட்கள் நால்வர், சின்ன ஆள் ஒன்று. என் ஜெர்மன் அவ்வளவு அழகு, படம் போட்டால்தான் விளங்கும். அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டு வந்து முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீழ்வீட்டு மூர்த்தி அண்ணையும் வாங்கிப் பார்த்தார். அவர் எங்களுக்கு ஒரு வருடம் முந்தி வந்தவர், ஆகவே எல்லாம் தெரிந்தவர்.

"தம்பி, உவங்கள் ஒண்டும் சும்மா செய்யமாட்டாங்கள். உன்ர கேஸ் இன்னும் முடியேல்லை. ரெண்டு மூண்டு நாள் பக்கத்தில வைச்சிருந்து, நீ என்ன கதைக்கிறாய், ஆரோட பழகிறாய் எண்டு பாத்து எழுதிக் குடுக்கப் போறான்."

"நானும் அதைத்தான் அண்ணை யோசிக்கிறன். சொந்த வீடு இருக்கிறவன் ஏன் துணிக்குள்ள படுக்க வேணும்?"

உன் அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "உங்கள் ரெண்டு பேருக்கும் ஒருத்தன் சிரிச்சாலும் பயம். பிள்ளை ஒருக்காத் தண்ணியில விளையாடட்டும். நான் ஓம் எண்டு சொல்லப் போறன்." சொல்லியும் விட்டாள்.

போனோம். நான் எங்கள் விண்ணப்பக் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் நகை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு போனேன். அந்த வெயிலில் சட்டையைக் கழற்றாமல் இருந்த ஒரே ஆள் நான்தான். கொழும்பில் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் மூன்று கிழமை ஒரு பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்தோம், தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். இங்கே பார்த்தால், வீடும் காரும் உள்ளவர்கள் ஆசையோடு தரையில் படுக்கிறார்கள், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துச் சிரித்துத் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். சிலர் தங்கியிருந்த வண்டிகளின் முன்னால் பூச்சாடியும் முழங்கால் உயர வேலியும் இருந்தன. இரண்டு நாளுக்கு வேலி எதற்கு? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் நீ அன்று முழுவதும் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. வெர்னர் உனக்கு ஒரு நீலச் செருப்பு வாங்கித் தந்திருந்தார், கல்லுக் குத்தாமல் இருக்க. தண்ணீருக்குள் நீண்டிருந்த மரப் பாலத்தின் நுனியில் உன்னை உட்கார வைத்து, தட்டைக் கல்லைத் தண்ணீரின் மேல் துள்ள விடக் காட்டித் தந்தார். உன் அம்மா ரூத்துடன் கால்களைத் தண்ணீருக்குள் விட்டபடி இருந்தாள். பாஷை தெரியாத இருவரும் எதைப் பற்றியோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் கண்டேன். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

வெயில் சாயும் நேரம் அந்த இடத்தின் காவலாளி வந்தார். பச்சைத் தொப்பி, காதில் பென்சில், கையில் அட்டை வைத்த தாள்கள். முதலாவது கூடாரத்தின் முன்னால் நின்று ஏதோ கேட்டார், எழுதினார். அடுத்த கூடாரம், எழுதினார். அதற்கடுத்தது. நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன், என் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வரிசைக்கு வந்தவர் எங்கள் கூடாரத்துக்கு வரவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்ற வெர்னரிடம் போனார். வெர்னர் எங்கள் கூடாரத்தை விரலால் சுட்டிக் காட்டினார். ஒரு விரலை உயர்த்தினார். பிறகு கையைத் தன் இடுப்புக்குக் கீழே பிடித்து, இவ்வளவு உயரம் என்று காட்டினார். ஏதோ ஒரு பெயர் சொன்னார். அது உன் பெயர். பச்சைத் தொப்பி எழுதிக்கொண்டது.

அதற்கு மேல் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. நடந்து போய், என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். எனக்குப் பாஷை போதாது என்று பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லி வந்தேன். ஒரு தாளைச் சுட்டிக் காட்டி, என்ன என்று கேட்கப் பாஷை வேண்டியதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார், பிறகு அந்தப் பதிலை நம்புவதா இல்லையா என்று இருக்கும். கேட்காமல் இருந்தால் என் எண்ணம் என் எண்ணமாகவே இருக்கும். சந்தேகக்காரனுக்கு அது சுகம்.

விடியத் தொடங்கியதும் உன் அம்மாவை எழுப்பினேன்.

"என்னப்பா இது, அந்த மனிசனிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போவம்."

"சொன்னா விடுவானோ? பேரை எழுதிக் குடுத்ததே அவன்தான். நான் என்ர கண்ணால கண்டனான்."

கண்ணால் கண்டேன் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. யன்னல் இடுக்கில் நான் நின்ற நாள் அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உன்னைத் தூக்கத்தோடு என் தோளில் போட்டாள். ஒரு செருப்பைக் காணவில்லை என்று தேடினாள், விடு என்று இழுத்துக்கொண்டு வந்தேன். முக்கால் மணி நேரம் நடந்து ரெயிலைப் பிடித்தோம். எட்டரை மணிக்கு ஓஸ்டர்முண்டிகன் வீட்டுக்குள் இருந்தோம். திரைகளை மூடி, கதவைப் பூட்டி, சாவியை உள்ளுக்கே விட்டேன்.

அங்கே நடந்ததை, பாஷை கொஞ்சம் பிடிபட்ட பிறகு ரூத் உன் அம்மாவுக்குச் சொன்னாள். ஏழு மணிக்கு அவர்கள் எழும்பிப் பார்க்க எங்கள் கூடாரம் திறந்து கிடந்திருக்கிறது. ஆட்கள் இல்லை. மரப் பாலத்தின் நுனியில் ஒரு சின்ன நீலச் செருப்பு. முதல்நாள் நீ விட்டுவிட்டு வந்தது. பிள்ளை விடிய எழும்பித் தண்ணீருக்குப் போய்விட்டான், தாயும் தகப்பனும் பின்னால் குதித்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கரையில் இருந்த அத்தனை பேரும், பூச்சாடிக்காரர், வேலிக்காரர், பச்சைத் தொப்பி எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார்கள். படகு விட்டு, நீண்ட தடியால் நாணல் பற்றைக்குள் குத்திக் குத்தித் தேடியிருக்கிறார்கள். வெர்னர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடியில் போய் வந்திருக்கிறார். உதடு நீலமான பிறகும் வெளியே வர மறுத்திருக்கிறார். அந்த நேரம் நான் இங்கே உனக்குப் பால் காய்ச்சித் தந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் வாசல் மணி அடித்தது. கதவின் கண்ணாடித் துளையால் பார்த்தேன், பொலிஸ் தொப்பி. நான் நினைத்தது சரி, எழுதிக் கொடுத்துவிட்டான், கூட்டிப் போக வந்துவிட்டார்கள். உன்னைத் தூக்கி உன் வாயைப் பொத்தினேன். மணி திரும்ப அடித்தது. நீ என் உள்ளங்கையைக் கடித்தாய். வலிக்கவில்லை. அழுத்திப் பிடித்தேன், உன் மூக்கையும் சேர்த்துப் பிடித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். நீ மூச்செடுத்து வீரிட்டு அழுதாய். வெளியே மணி அடிப்பது நின்றது. பிறகு ஒரு பெரிய ஆண் தேம்பித் தேம்பி அழும் சத்தம் கேட்டது. உன் அம்மா என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வெர்னர் படியில் உட்கார்ந்திருந்தார். ஈரக் காற்சட்டை, வெறும் கால், தோளில் பொலிஸ்காரரின் கம்பளி, தலைமயிரில் பாசி. உறவினர் யாராவது இருந்தால் சாவைச் சொல்வதற்காக அவர்கள் வந்திருக்கிறார்கள். அவர் முழந்தாளில் வந்து உன் தலையைத் தொட்டார், கையைத் தொட்டார். பிறகு உன் காலைப் பிடித்துக் கம்பளிக்குள் வைத்திருந்த நீலச் செருப்பைப் போட்டுவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏன்?" அவ்வளவுதான் கேட்டார்.

நான் வாயில் வந்த ஒரே ஜெர்மன் சொல்லைச் சொன்னேன். "மழை."

அவர் திரும்பிப் படிக்கட்டு யன்னலால் வெளியே பார்த்தார். அன்று வானத்தில் பொட்டு முகில் இல்லை. வெயில் அவர் முகத்தில் அடித்தது. "ஓம். மழை," என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பொலிஸ்காரர் தன் குறிப்புப் புத்தகத்தை எடுக்கப் போய், என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுக்காமலே போனார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது என் அலுமாரிக் கதவில் ஒரு காகித விளக்கு தொங்கியது. சிவப்பு, நடுவில் வெள்ளைச் சிலுவை, கீழே உன் பெயர். எங்கள் வீட்டில் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறதே, நீ பாலர் வகுப்பில் செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அதுதான். நாங்கள் ஓடி வந்த நாள் ஆகஸ்ட் முதலாம் தேதி, இந்த நாட்டின் பிறந்தநாள். பிள்ளைகள் விளக்குப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றி ஊர்வலம் போவார்கள். ஒவ்வொரு கூடாரத்திலும் எத்தனை பிள்ளைகள், என்ன பெயர், எவ்வளவு உயரம், தடி எவ்வளவு நீளம் வேண்டும் என்றுதான் காவலாளி அன்று எழுதிக்கொண்டு போனாராம். எழுதிக் கொடுத்தது விளக்குக்காக. பிள்ளை இல்லாத வெர்னர் அந்த வருடம் ஒரு பிள்ளையின் பெயரைக் கொடுத்திருந்தார்.

அவர் யாருக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. ஆப்பிள் வருவதும் நிற்கவில்லை. சீட்டியடிப்பது மட்டும் என்னைக் கண்டால் நின்றுவிடும். அவர் ஓய்வுபெறும்வரை ஏழு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம், நான் வாய் திறக்கவில்லை. பிறகு அவர்கள் சோலோதுர்ன் பக்கம் போய்விட்டார்கள். நீ வளர்ந்து, ஏன் நாங்கள் கூடாரத்துக்குப் போவதில்லை என்று கேட்டபோது அதே சொல்லைத்தான் எடுத்துத் தந்தேன். உன் அம்மா அந்த நேரமெல்லாம் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நீ கல்யாணம் செய்யப் போகிறாய். எனக்குப் புத்தி சொல்லத் தகுதி குறைவு, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மிரியத்திடம் ஏதாவது ஒன்று உன் நெஞ்சில் முள்ளாகக் குத்தினால், அன்றைக்கே, அந்த இடத்திலேயே கேள். முட்டாளாகத் தெரிந்தாலும் கேள். நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது, அதற்காக வெட்கப்படவில்லை. கேட்காமல் போனதற்குக் காரணமே இல்லை.

நேற்று நீ தொலைபேசியை வைத்த பிறகு, உன் அம்மா ஒரு காகிதத் துண்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். வெர்னரின் தொலைபேசி இலக்கம். அவளும் ரூத்தும் இவ்வளவு காலமும் பண்டிகைக்குப் பண்டிகை அட்டை அனுப்பி வந்திருக்கிறார்களாம். என் வீட்டிலேயே என் சந்தேகத்துக்குத் தப்பியது அது ஒன்றுதான். கதிரையில் அரை மணி நேரம் இருந்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, குரல் கரகரத்தது. என் பெயரைச் சொன்னேன். பிறகு அவர் கேட்டார்:

"அங்கே மழையா?"

"இல்லை," என்றேன். "அன்றும் மழை இல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். படலை, விரல், பட்டியல், பச்சைத் தொப்பி. இப்போது எனக்குப் போதிய ஜெர்மன் இருக்கிறது. முடித்ததும், "பிள்ளை உயிரோடு இருந்தான், எனக்கு அன்று அது போதும்," என்றார். அவர் சொல்லி முடிக்கவும் நான் அழுதுவிட்டேன், எழுதுவதற்கு வெட்கமில்லை. நீ கல்யாணம் செய்யப் போவதையும், ஏரிக்கரைப் பயணத்தையும் சொல்லி, வருவீர்களா என்று கேட்டேன். முழங்கால் கூடாரத்துக்குள் குனியாதாம். சாய்ந்து இருக்க ஒரு கதிரை இருந்தால், ரூத்தையும் கூட்டிக்கொண்டு பகலில் வருகிறாராம்.

மிரியத்தின் பட்டியலை அச்செடுத்து இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். வெர்னருக்கும் ரூத்துக்குமாகக் கீழே நானே இரண்டு வரி கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன், நல்ல கதிரையாகப் பார். விளக்குக்குப் பிள்ளைகளை எழுத யாராவது வந்தால் மிரியத்தின் தமையனின் பிள்ளைகளின் பெயரைக் கொடுக்க மறக்காதே. எத்தனை இரவு என்ற கட்டத்தில் எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு என்று போட்டிருக்கிறேன். பெயர்க் கட்டத்தில் என் முழுப் பெயரையும் பேனாவால், பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம்.

அப்பா